ஸ்கேன் படம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பித்தப்பைக் கல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் எப்படி இருக்கும் என்று மருத்துவ மாணவர்களிடம் கேட்டால், "வெள்ளையா இருக்கும் சார், பின்னாடி கருப்பா நிழல் விழும்" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அவர்கள் கையில் ப்ரோபை, அதாவது உடலில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியைக் கொடுத்தால், பக்கத்தில் இருக்கும் டியோடினத்து (சிறுகுடலின் முதல் பகுதி) வாயுவைக் காட்டி "கல் சார்" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஃப்ரீஸ் செய்த படத்தை மட்டுமே காட்டிப் பாடம் எடுத்தது நாம்தான்.

வாயுவும் வெள்ளைதான், அதற்கும் நிழல் உண்டு. கல்லின் நிழல் பெரும்பாலும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். வாயுவின் நிழல் புகை படிந்ததுபோல் கலங்கலாக இருக்கும். ப்ரோபை 90 டிகிரி திருப்பினால், பித்தப்பைக்குள் இருப்பதாக நினைத்தது வெளியே குடலாக நீளும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் கல் உருளும். (பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் சிக்கிய கல் அசையாது, அது தனிக் கதை.) இதெல்லாம் அசையாத படத்தில் எப்படித் தெரியும்? வீடியோவையாவது காட்டுங்கள்.

அடுத்தது பேச்சு. அடர்த்தியை வெள்ளையாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் பழக்கத்தில் நாமே "டென்சிட்டி அதிகம்" என்று சொல்லிவிடுகிறோம். இங்கே வெள்ளை என்பது திரும்பி வந்த எதிரொலி, அவ்வளவுதான். கருப்பிலும் இரண்டு வகை இருக்கிறது. நீர்க்கட்டி கருப்பாக இருப்பது உள்ளே எதிரொலிக்க ஒன்றும் இல்லாததால். கல்லுக்குப் பின்னால் கருப்பாக இருப்பது ஒலியே அங்கே போய்ச் சேராததால். ஆகவே நீர்க்கட்டிக்குப் பின்னால் படம் பளிச்சென்று இருக்கும், கல்லுக்குப் பின்னால் இருண்டுவிடும். இது புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

கெய்னை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, நாமே சரிசெய்து கொடுப்பதும் தவறுதான். மாணவரே அதைக் கூட்டி, சுத்தமான பித்தப்பைக்குள் இல்லாத கசடை ஒருமுறை வரவழைத்துப் பார்க்கட்டும்.

பெரிய தவறு, நோயிலிருந்து தொடங்குவது. இளவயதினரின் சிறுநீரகத்தில் பிரமிடுகள் (உள்ளே இருக்கும் கூம்பு வடிவத் திசுக்கள்) இயல்பாகவே கருப்பாகத் தெரியும். நல்ல சிறுநீரகம் பத்தாவது பார்க்காதவர் அதை நீர் அடைப்பு என்றே எழுதுவார். அடைப்பு என்றால் கருப்புகள் ஒன்றோடொன்று இணைந்து நடுவில் கூடும். பிரமிடுகள் தனித்தனியாக நிற்கும். நல்ல சிறுநீரகத்துக்கு எங்கே போவது? மாணவர்களே ஒருவர் மாற்றி ஒருவர் படுக்கலாம். ஆனால் ஒன்று கவனம், நம் நாட்டில் பாலினத் தேர்வுத் தடைக்கான 1994 சட்டப்படி பதிவான கருவியை நினைத்தபடி வகுப்புக்குத் தூக்கிப்போக முடியாது. நான்கைந்து பேராக ஸ்கேன் அறைக்கு வரச் சொல்லுங்கள்.