மாரிக்கு விறகு சேர்ப்பவர்கள் விடும் தவறுகள்

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த பிறகு, மட்டக்களப்பில் பல வீடுகளின் பின்வளவில் விறகடுப்பு மறுபடியும் முளைத்தது. அடுப்பு வந்துவிட்டது. ஆனால் கோடையிலேயே விறகைச் சேர்த்துக் காயப்போடும் பழக்கம் எல்லா வீட்டுக்கும் திரும்பவில்லை. புகையைப் பற்றி எழும் முறைப்பாடுகளில் பலவற்றுக்கு அடுப்பு காரணமே இல்லை.

பெரும்பாலானோர் விடும் பிழை, பிந்தி வாங்குவது. ஐப்பசியில் வானம் கறுத்த பிறகுதான் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வரும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை மறித்து ஒரு பெட்டி விறகு இறக்குவார்கள். அது வெட்டிச் சில நாள்தான் ஆகியிருக்கும். பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நன்றாக எரிய வேண்டுமானால் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டும். வெயிலும் காற்றும் அந்தத் தண்ணீரை எடுக்காவிட்டால் அடுப்புத்தான் எடுக்க வேண்டும். சோற்றுப்பானைக்குப் போக வேண்டிய சூடு கட்டைக்குள் இருக்கும் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும், மிச்சம் புகையும் பானை அடியில் பிசின் போலப் பிடிக்கும் கரியும். எரியும் கட்டையின் வெட்டுமுனையில் நுரை தள்ளி ‘சீ’ என்று இரைகிறதே, அதுதான் அந்தத் தண்ணீர்.

விறகு காய நமக்கு வாய்த்த காலம், வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்கள். கை மொத்தத்துக்குப் பிளந்து அடுக்கினால் இரண்டு மூன்று மாதம் போதும். கனடாவில் வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஓக் மரத்தை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று காயவைக்க வேண்டும் என்பார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாடை தொடங்கிய பிறகு அடுக்கிய பச்சை விறகு தை பிறந்தாலும் பச்சைதான்.

உருளையாகவே போட்டு வைப்பதிலும் பயனில்லை. மரத்துக்குள் நீர் ஓடுவது நெடுக்காக, பட்டை வழியே வெளியேறுவது மிகக் குறைவு. அதனால் ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டிப் பிளக்க வேண்டும், அதுவும் பச்சையாக இருக்கும்போதே. பாலை மரம் மாதிரி வைரமுள்ள கட்டையைக் காய்ந்த பிறகு பிளக்கப் போனால் கோடாலிதான் துள்ளும்.

அப்புறம் தறப்பாள். நல்ல எண்ணத்தோடு செய்யும் பிழை இது. விறகைக் குவித்து, நாலு பக்கமும் தரை வரை இழுத்து மூடி, மூலைக்கு மூலை கல் வைத்துவிட்டு ‘இனி மழை வரட்டும்’ என்று இருப்பார்கள். கட்டையிலிருந்து வெளியேறும் ஈரம் எங்கே போகும்? தறப்பாளின் உட்பக்கத்தில் துளித்துளியாகப் படிந்து திரும்ப விறகின் மேலேயே சொட்டும். சில நாள் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் புளித்த மணம் முகத்தில் அடிக்கும், பட்டையில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். காய்ந்த விறகில் பட்ட மழை மேலோடு நிற்கிறது, இரண்டு மூன்று நாள் நல்ல காற்றில் போய்விடும். உள்ளே அடைபட்ட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். மேலுக்கு மட்டும் பழைய தகரமோ கிடுகோ போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மாரியில் வாடை மழை சாய்ந்து அடிக்கும் வடகிழக்குப் பக்கம் மட்டும் ஒரு மறைப்புக் கட்டினால் சரி.

வெறும் மணலில் அடுக்கினால் கறையானுக்கு விருந்து. சீமெந்துக்கல் வைத்து, குறுக்கே கம்பு போட்டு, அதன்மேல் அடுக்குங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் கறையான் அப்படியே கூரைமரத்துக்கு ஏறும், ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எதுவரை ஏறியது என்று நினைவிருந்தால், அதற்கு மேலாக விறகு அடுக்கும் தட்டை உயர்த்துவது நல்லது.

காய்ந்துவிட்டதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கும், வெட்டுமுனையில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை கையோடு கழன்று வரும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், பச்சையாக அடுக்கும்போதே ஒரு கட்டையில் கரியால் அடையாளம் போட்டுத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு கிலோ இருந்த கட்டை ஒன்றேகால் கிலோவுக்கு வந்துவிட்டால் அடுப்பில் வைக்கலாம்.

கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் எரிக்கவும் கூடாது. வாவிக்கரையில் நிற்கும் தில்லை மரத்தை வெட்டப் போகவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும். அலரிப் புகை நஞ்சு. பெயின்ட் அடித்த தோணிப் பலகை, பூச்சிமருந்து ஏற்றிய கம்பம் இரண்டும் அடுப்புக்கு ஆகாது. பற்றவைக்க மண்ணெண்ணெய் எதற்கு? சிரட்டையும் காய்ந்த தென்னம்பாளையும்தான் வளவில் கிடக்கின்றனவே.

கடைசியாக, பாம்பு. புடையனும் தேளும் ஒதுங்க விறகு அடுக்கைவிட வசதியான இடம் இல்லை. அடுக்கை அடுப்படி வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், சுற்றிப் புல் வளர விடாதீர்கள். எடுக்கும்போது ஒரு தடியால் தட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், அடியில் கையை விட்டு உருவ வேண்டாம். இரண்டு நாளைக்கு வேண்டியதைப் பகலிலேயே உள்ளே கொண்டுவந்து, அடுப்பு வாயிலிருந்து பொறி தெறிக்காத தூரத்தில் வைத்தால், இராத்திரி டோர்ச்சும் கையுமாக விறகுக்கு அலைய வேண்டி வராது.