‘ஸ்கீம்’ வினையாகும்போது நேரும் தவறுகள்

மதிய உணவு ஸ்கீம், பென்ஷன் ஸ்கீம், நகைக்கடைச் சேமிப்பு ஸ்கீம் என்று நாள்தோறும் நம் வாயில் புழங்குகிற சொல் இது. இந்திய ஆங்கிலத்திலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை பெரும்பாலும் வெள்ளையான சொல்தான். வினையாக்கியதும் சூழ்ச்சி செய்தல், திரைமறைவில் காய் நகர்த்துதல் என்று பொருள் கறுத்துவிடும்.

‘த கவர்ன்மென்ட் ஸ்கீம்ட் டு ஹெல்ப் ஃபார்மர்ஸ்’ என்று எழுதினால், உதவி என்ற பெயரில் அரசு ஏதோ தில்லுமுல்லு செய்கிறது என்றே படிப்பவர் நினைப்பார். இந்தத் தவறு தமிழிலிருந்துதான் போகிறது. ‘வளர்ச்சித் திட்டம் தீட்டினார்கள்’, ‘கொள்ளையடிக்கத் திட்டம் தீட்டினார்கள்’ இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘பிளான்’, ‘டிரா அப்’, ‘டிசைன்’ என்று போட வேண்டும். ‘ஸ்கீம்ட்’ இரண்டாவதற்கு மட்டுமே. ‘லான்ச்ட் எ ஸ்கீம்’ தாராளமாக எழுதலாம், அங்கே அது பெயர்ச்சொல். பிறந்தநாள் விருந்துக்கு ரகசிய ஏற்பாடு செய்யும் பிள்ளைகளை ‘ஸ்கீமிங்’ என்பது கேலி. சிரித்துக்கொண்டு சொல்வதை அலுவலகக் குறிப்பில் எழுத முடியாது.

அடுத்த சறுக்கல் ‘அகெய்ன்ஸ்ட்’டை விட்டுவிடுவது. ‘ஹீ ஸ்கீம்ட் ஹிஸ் பாஸ்’ என்பது வாக்கியமே ஆகாது. ஆளுக்கு எதிரான சூழ்ச்சி என்றால் ‘ஸ்கீம்ட் அகெய்ன்ஸ்ட் ஹிஸ் பாஸ்’. ஒரு செயலைச் சாதிப்பதற்கு என்றால் ‘ஸ்கீம்ட் டு ரிமூவ் ஹிம்’. பதவிக்கு என்றால் ‘ஸ்கீம்ட் ஃபார் த போஸ்ட்’. ‘ஸ்கீமிங் எ பிளான்’ வேண்டாம்; திட்டம் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

உறவுக்காரச் சொற்களை மாற்றிப் போடுவது இன்னும் மோசம். ஒருவர் தனியாகவே ‘ஸ்கீம்’ பண்ணலாம். ‘கன்ஸ்பயர்’ பண்ணக் கூட்டாளி வேண்டும். குற்றச் சதிக்கு இரண்டு பேராவது வேண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 61-ஆம் பிரிவும் (பழைய தண்டனைச் சட்டத்தில் 120ஏ) சொல்கிறது. தனி ஆள் செய்ததை ‘கன்ஸ்பயர்ட்’ என்று செய்தியில் போட்டால் இல்லாத கூட்டாளியை வாசகர் தேடுவார். கொலை, ஆட்சிக் கவிழ்ப்பு மாதிரி குறியோடு கூடிய சதிக்கு ‘பிளாட்’ பொருத்தம். சூழ்ச்சி செய்வதையே குறிக்கும் ‘மேக்கினேட்’ அரிது, அதன் பெயர்ச்சொல்லான ‘மேக்கினேஷன்ஸ்’தான், அதுவும் பன்மையில், அடிக்கடி கண்ணில் படும். ‘கன்னைவ்’வில் கவனம் தேவை. பின்னால் ‘வித்’ வந்தால் கூட்டுச் சதி. ‘அட்’ வந்தால் தவறைக் கண்டும் காணாமல் இருப்பது. அதிகாரி ‘கன்னைவ்ட் அட் ஸ்மக்லிங்’ என்றால் அவரே கடத்தினார் என்று மொழிபெயர்க்கக் கூடாது, கடத்தலைத் தடுக்காமல் விட்டார் என்பதே சரி. இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டு.

எதிர்த்திசையிலும் தவறு உண்டு. ‘இன் த கிராண்ட் ஸ்கீம் ஆஃப் திங்ஸ்’ என்பதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. ‘எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்’ என்று அர்த்தம். ‘கலர் ஸ்கீம்’, ‘ரைம் ஸ்கீம்’ ஆகியவையும் வெறும் அமைப்பைச் சொல்பவை.

எழுத்தில் எஸ், சி, எச் சேர்ந்து வந்தாலும் ஒலி ‘ஸ்கூல்’ போலத்தான். ‘ஷீம்’ என்பவர்கள் பிரிட்டிஷ் ‘ஷெட்யூல்’ பழக்கத்தை இதற்கும் நீட்டுகிறார்கள். ‘ஸ்கீமிங்’ எழுதும்போது கடைசி ‘ஈ’ விழுந்துவிடும்.

அமெரிக்கர்களுக்கு எழுதும்போது பெயர்ச்சொல்லையும் யோசித்தே போட வேண்டும். ‘போன்ஸி ஸ்கீம்’ (புதிதாகச் சேர்பவர்களின் பணத்தைப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்து ஏமாற்றுவது) போன்ற பயன்பாட்டால் அங்கே அந்தச் சொல்லிலேயே மோசடி வாடை அடிக்கும். சுயவிவரத்தில் ‘ஹேண்டில்ட் கவர்ன்மென்ட் ஸ்கீம்ஸ்’ என்று இருந்தால் ‘ஸ்கீம்ஸ்’ இடத்தில் ‘புரோகிராம்ஸ்’ என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.