வெள்ளிக் கோப்பையில் பளபளப்பைப் பார்க்காதீர்கள்

டோக்கியோவில் கையால் அடித்த வெள்ளிச் சாமான் பார்க்க வாய்த்தால், முதலில் சுத்தியல் தடங்களைப் பாருங்கள். ஒரு தட்டைத் தகட்டைத் தட்டித் தட்டி, அது இறுகும்போதெல்லாம் நெருப்பில் காட்டி இளக்கி, ஒட்டு எதுவும் இல்லாமல் கோப்பையாக எழுப்புவார்கள்; இந்த வேலைக்கு 'ட்சுயிகி' என்று பெயர். வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக மினுங்கும், அச்சில் அழுத்தியதில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். அடியில் 'ஜுங்கின்' என்ற முத்திரை இருந்தால் தூய வெள்ளி என்று பொருள். நாணயச்சாலையில் சோதித்த சாமான் என்றால் ஜப்பான் கொடிக் குறியோடு 1000, 950 என்று தர எண்ணும் (ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்பது) இருக்கும்.

அப்புறம், பள்ளங்களில் கருமை தெரிந்தால் அழுக்கென்று நினைத்து, நம் வீட்டுப் பழக்கத்தில் விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அது 'இபுஷி', கந்தகத்தால் வேண்டுமென்றே ஏற்றிய நிறம்.