12,000 சைட்டேஷன் இருந்தால் பெரிய டாக்டரா?

ஆஞ்சியோ செய்யச் சொன்ன டாக்டரின் பெயரை கூகுள் ஸ்காலரில் (ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) தட்டிப் பார்த்துவிட்டு, "12,000 சைட்டேஷன், பெரிய ஆள்தான்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போடுகிறோம் (நானும் போட்டிருக்கிறேன்). எண் பொய்யில்லை. ஆனால் அவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. ஸ்டென்ட் வைப்பதில் கை எப்படி என்று அதில் தெரியாது.

அடுத்த சறுக்கல், எந்த வகைக் கட்டுரை என்று பார்க்காமல் விடுவது. இதய மருத்துவத்தில் சைட்டேஷனை அள்ளிக் குவிப்பவற்றில் முக்கியமானவை சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகள். ஐரோப்பிய இதயவியல் சங்கம் மாதிரியான அமைப்புகள் வெளியிடும் கைட்லைன் ஒன்றை, அந்த நோயைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முன்னுரையிலேயே ஒருமுறை சுட்டிவிடுவார்கள், அதனால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகும், அதை எழுதிய குழுவில் இருபது பேர் இருந்தால் இருபது பேர் கணக்கிலும் அது முழுசாகவே ஏறும். பங்கு பிரிப்பதெல்லாம் கிடையாது. உலக நோய்ச்சுமை ஆய்வுகளில் இன்னும் வேடிக்கை, ஒரே கட்டுரைக்கு நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள். ஆகவே பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் குழுவை வழிநடத்தியவர். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள்: 52 நாடுகள், மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேர், அவர்களோடு ஒப்பிட கிட்டத்தட்ட அதே அளவு ஆட்கள். மாரடைப்பு ஆபத்தில் பெரும்பகுதிக்குப் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை என ஒன்பது காரணங்களே போதும் என்று காட்டியது. அதன் முதல் ஆசிரியர் கேரளத்தில் பிறந்து கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சலீம் யூசுஃப். அங்கே அந்த எண்ணுக்குப் பின்னால் நிஜமாகவே சரக்கு இருக்கிறது.

எச்-இன்டெக்ஸை வைத்து இரண்டு பேரை ஒப்பிடுவதும் வம்புதான். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு அது. குறைந்தது 20 சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகள் 20 இருந்தால் எச் 20. ஒருவர் வேலையை நிறுத்தினாலும் அது இறங்காது, ஏறத்தான் செய்யும், எனவே 35 வயதுக்காரரை 65 வயதுக்காரரோடு நிறுத்திப் பார்ப்பது நியாயமே இல்லை. ஐந்தே கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் மூவாயிரம் வாங்கியிருந்தாலும் எச் 5-ஐத் தாண்டாது. 1977-இல் சூரிக்கில் இதயத் தமனி அடைப்பை முதன்முதலில் பலூனால் விரித்தவர் குரூன்ட்சிக் என்ற மருத்துவர். 1979-இல் முதல் 50 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார், 1985-இல் விமான விபத்தில் 46 வயதில் போய்ச் சேர்ந்தார். இன்று ஊரெங்கும் நடக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குத் தொடக்கம் அதுதான். எச்-இன்டெக்ஸில் இதையெல்லாம் எங்கே தேடுவது?

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக வாங்கும் சைட்டேஷன். எழுதியவருடைய மதிப்பெண் இல்லை, அவ்வளவுதான்.

சைட்டேஷன் என்றாலே பாராட்டு என்று நினைப்பது இன்னொன்று. "இது தவறு" என்று எழுதினாலும் ஒரு சைட்டேஷன் கூடும். எலும்பு மஜ்ஜை செல்கள் இதயத் தசையை வளர்க்கும் என்ற இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் ஆய்வுகளைப் பல வருடம் உலகமே சுட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது வேறு யாருமல்ல, அவர் முன்பு வேலை பார்த்த ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையுமே. ஒரு கட்டுரை வாபஸ் ஆனாலும் அதற்குச் சேர்ந்த சைட்டேஷன் தானாகக் கழிந்துவிடாது. அதனால் தலைப்புக்கு மேலே வாபஸ் அறிவிப்பு ஏதும் தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் இனிஷியல் சமாச்சாரம். "எஸ். குமார்" என்று தேடினால் இதயம், எலும்பு, பயிர் நோய் எல்லாம் ஒரே ஆள் எழுதியது போல வரும். அப்பா பெயரைச் சில இதழ்கள் குடும்பப் பெயராக்கிவிடுவதால் ஒரே ஆள் இரண்டு ஆளாகவும் பிரிவார். ஆர்கிட் எண் (ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். ஒருவரை ஸ்கோபஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தரவுத்தளத்திலும் இன்னொருவரை கூகுள் ஸ்காலரிலும் பார்த்து ஒப்பிடாதீர்கள். ஸ்காலர் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணுவதால் அதில் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.