கீஸ்டோன் காப்ஸ்: ஆங்கில எழுத்தில் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

பலர் கூடி அவசரமாகச் செய்யப்போன ஒரு காரியம் தாறுமாறாகக் குழம்பிச் சிரிப்புக்கிடமாக முடிந்தால், 'லைக் த கீஸ்டோன் காப்ஸ்' என்று ஆங்கில நாளிதழ்களின் தலையங்கங்களிலும் விளையாட்டுச் செய்திகளிலும் எழுதுவது வழக்கம். ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர்களும் இதை எடுத்தாளுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் 'திறமையற்றவர்கள்' என்ற ஒற்றைப் பொருளில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். திறமையின்மையை மட்டும் சொல்வதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. இந்தத் தொடருக்கென்று தனியாக ஒரு காட்சி உண்டு. நாம் எழுதும் நிகழ்ச்சியிலும் அந்தக் காட்சி இருந்தால்தான் இது பொருந்தும்.

அந்தக் காட்சி எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்து, பயோகிராஃப் என்ற திரைப்பட நிறுவனத்தில் இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்திடம் தொழில் பழகிய மாக் சென்னட், 1912இல் லாஸ் ஏஞ்சலஸின் எடன்டேல் பகுதியில் கீஸ்டோன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். அங்கே எடுக்கப்பட்ட ஊமைப்படங்களில் அடிக்கடி வந்து போன போலீஸ்காரர் கூட்டத்துக்குத்தான் கீஸ்டோன் காப்ஸ் என்று பெயர். உடம்புக்குப் பொருந்தாத சீருடை, உயரமான தொப்பி, கையில் தடி ஆகியவை அவர்களுடைய அடையாளம். பல படங்களில் ஃபோர்ட் ஸ்டெர்லிங் அவர்களின் தலைவராக நடித்தார். தொலைபேசி மணி அடித்ததும் தலைவர் பதறித் துள்ளுவார். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் தடுக்கி விழுந்து எழுந்து, ஒரே காரில் பத்துப் பேராகத் தொற்றிக்கொள்வார்கள். திருப்பத்தில் பாதிப் பேர் சாலையில் உருண்டுவிடுவார்கள். 1913இல் வெளிவந்த 'த பேங்வில் போலீஸ்' என்ற குறும்படத்தில் மேபல் நார்மண்ட் நடித்த பண்ணை வீட்டுப் பெண், தொழுவத்தில் திருடர்கள் புகுந்துவிட்டதாகப் பயந்து போலீஸை அழைக்கிறாள். ஊர்க் காவல் படை முழுவதும் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்கிறது. திருடன் என்று எவனும் இல்லை. தொழுவத்தில் ஒரு கன்று பிறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அக்காலத்துக் கேமராவின் கைப்பிடியை ஒளிப்பதிவாளர் கையால் சுழற்றினார். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றிப் படம் பிடித்தால், திரையில் ஓடும்போது அது இயல்பைவிட வேகமாகத் தெரியும். ஆகவே இந்தப் போலீஸ்காரர்களை நினைத்தவுடன் ஆங்கில வாசகரின் கண்ணில் படுவது வெறும் முட்டாள்தனம் அன்று, விறுவிறுவென்று பறக்கும் முட்டாள்தனம்.

இதிலிருந்தே பொருத்தத்தைச் சோதிக்கும் முறை கிடைத்துவிடுகிறது. செயலில் ஈடுபட்டவர்கள் ஒரு கூட்டமாக இருக்க வேண்டும். தனி ஒருவருக்கு இந்தத் தொடர் ஒட்டாது. அவர்களுக்கு ஏதேனும் ஒரு பொறுப்போ அதிகாரமோ, முடிந்தால் சீருடையும், இருக்க வேண்டும். போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தீயணைப்பு வீரர்களுக்கும் அமைச்சரவைக்கும் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கும்கூட இதைச் சொல்கிறார்கள். ஓட்டமும் அவசரமும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களிடம் முனைப்பு இருக்க வேண்டும். எழுதுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் கடைசி அம்சத்தைத்தான். கீஸ்டோன் போலீஸ்காரர்கள் சோம்பேறிகள் அல்லர். கடமையைச் செய்யாமல் தட்டிக் கழிப்பவர்களும் அல்லர். அழைப்பு வந்த நொடியில் உயிரைக் கொடுத்து ஓடுகிறவர்கள். ஓடுகிற அந்த ஓட்டமே காரியத்தைக் கெடுப்பதுதான் அங்கே நகைச்சுவை.

கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் ஒரு நாய் புகுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கோட்டருகே நின்ற காவலர்கள் நான்கு திசையிலிருந்தும் ஓடிவருகிறார்கள். நாய் வளைந்து திரும்பியதும் இருவர் மோதிக்கொள்கிறார்கள். ஒருவருடைய தொப்பி கழன்று விழ, நாய் அதைக் கவ்விக்கொண்டு விக்கெட்டைச் சுற்றிவந்து, கடைசியில் தானாகவே வந்த வழியே வெளியேறுகிறது. இங்கே கூட்டம், பொறுப்பு, வேகம், முனைப்பு, பயனின்மை ஆகிய ஐந்தும் இருக்கின்றன. கீஸ்டோன் காப்ஸ் என்று தயங்காமல் எழுதலாம். மாறாக, பட்டா மாறுதலுக்குக் கொடுத்த மனு மூன்று மேசைகளுக்கிடையே ஆறு மாதம் கிடந்து காணாமற்போனால், அதில் ஓட்டமும் இல்லை, முனைப்பும் இல்லை. அதற்குக் கீஸ்டோன் காப்ஸ் என்று எழுதினால், வாசகர் மனத்தில் எழும் படமும் நடந்த செய்தியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அந்த இடத்துக்கு, அலுவலக நடைமுறை இழுத்தடிப்பைக் குறிக்கும் 'ரெட் டேப்' போன்ற பழகிய தொடரே போதும்.

உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்த நிகழ்ச்சிக்கு இதைப் பயன்படுத்தவே கூடாது. மீட்புப் பணி குளறுபடியாக நடந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கீஸ்டோன் உலகத்தில் காரிலிருந்து விழுந்தவன் மறுகணம் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். எழுந்திருக்காதவர்களைப் பற்றிய செய்தியில் அந்த உவமை வந்தால், கண்டனம் அதிகாரிகளைச் சேராமல் எழுதியவரின் தலையில்தான் விழும். அதேபோல, தெரிந்தே செய்த மோசடிக்கும் அதிகார அத்துமீறலுக்கும் இது பொருந்தாது. பொருந்தாதது மட்டுமன்று, அது குற்றவாளிக்கு உதவியும் செய்துவிடுகிறது. வேண்டுமென்றே சாட்சியத்தை அழித்தவர்களைக் கோமாளிகள் என்று எழுதினால், தவறை அறியாமல் செய்தார்கள் என்ற சலுகையை நாமே வழங்கிவிடுகிறோம்.

இதன் அக்கம்பக்கத்துச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. 'காமெடி ஆஃப் எரர்ஸ்' என்பது நம் நாட்டு ஆங்கில எழுத்தில் மிகுதியாகப் புழங்குகிறது. 1594ஆம் ஆண்டின் கடைசியில் லண்டனில் வழக்கறிஞர் சங்கமான கிரேஸ் இன்னில் நிகழ்த்தப்பட்ட ஷேக்ஸ்பியர் நாடகத்தின் பெயர் அது. இரண்டு ஜோடி இரட்டையர்களை ஊரார் ஆள்மாறாட்டமாக எடுத்துக்கொள்வதுதான் கதை. எனவே ஒரு தவறு அடுத்த தவறுக்கு வழிவிட்டுச் சங்கிலியாகப் போகும் நிகழ்ச்சிக்கு, குறிப்பாகப் பெயரோ ஆளோ மாறிப்போன நிகழ்ச்சிக்கு, அது பொருத்தம். யாரும் ஓட வேண்டிய அவசியமில்லை. 'ஸ்லாப்ஸ்டிக்' என்பது அடி, உதை, வழுக்கி விழுதல் சார்ந்த உடல்மொழி நகைச்சுவை முழுவதுக்கும் பொதுப்பெயர். வாழைப்பழத்தோலில் வழுக்கும் ஒரே ஆளுக்கும் அது பொருந்தும். 'ஸ்க்ரூபால்' என்பது 1930களில் ஹாலிவுட்டில் தழைத்த, பேச்சு வேகத்தையும் காதலர் சண்டையையும் நம்பிய படவகையைக் குறிக்கும் சொல். கூட்டக் குழப்பத்துக்கு அதை எழுதுவது நேர்ப் பிழை. 'ஃபார்ஸ்' மட்டும் சற்று வழுக்கும் சொல். கேலிக்கூத்து என்ற கசப்பான கண்டனமாக அது மாறிவிட்டதால், விசாரணை, தேர்தல் போன்றவற்றின் நேர்மையையே சந்தேகிக்கும் இடத்தில் அதுதான் சரி.

இனி எழுதும் முறை. இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். இது ஒரு ஸ்டுடியோவின் பெயரிலிருந்து வந்த சிறப்புப் பெயர். மேற்கோள் குறி வேண்டாம். இரண்டாம் சொல்லைச் 'சி' எழுத்தில் தொடங்குவதும் உண்டு, 'கே' எழுத்தில் தொடங்குவதும் உண்டு. 1955இல் அபாட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை ஜோடி இந்தப் போலீஸ்காரர்களை வைத்து நடித்த படத்தின் தலைப்பில் 'கே'தான் இருக்கிறது. இரண்டும் ஏற்கப்பட்டவை, ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக் கூடாது. நான் 'சி'யையே தேர்ந்தெடுப்பேன், 'கே' என்பது நகைச்சுவையை முன்கூட்டியே அறிவித்துவிடுவதாகப் படுகிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது முன்னால் 'த' சேர்த்துப் பன்மையில் எழுதுவதே வழக்கம். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடைமொழியாக வரும்போது 'எ கீஸ்டோன் காப்ஸ் சேஸ்' என்பதுபோல அந்தப் பன்மையை அப்படியே விட்டுவிடலாம். 'த மீட்டிங் வாஸ் எ கீஸ்டோன் காப்ஸ்' என்று கூட்டத்தையே அதுவாக ஆக்கி எழுதுவது ஆங்கிலம் ஆகாது.

உவமை வாக்கியத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். முதலிலேயே கீஸ்டோன் காப்ஸ் என்று சொல்லிவிட்டுப் பிறகு நிகழ்ச்சியை விவரித்தால், வாசகர் சிரிக்கும்படி கட்டளையிட்டதுபோல் ஆகிவிடும். மோதியவர்கள், விழுந்த தொப்பி, தானே வெளியேறிய நாய் ஆகியவற்றை முதலில் சொல்லி, உவமையைக் கடைசியில் ஒரே வீச்சில் வைத்தால் அது வேலை செய்யும். விவரிப்பு நன்றாக அமைந்துவிட்டால் உவமையை அடித்துவிட்டும் படித்துப் பாருங்கள். பல சமயம் அது தேவைப்படாது. சேர்த்த பிறகு 'காமிக்கலி இன்காம்பிடன்ட்' (சிரிப்பூட்டும் அளவுக்குத் திறமையற்ற) என்று உரை எழுதவும் வேண்டாம், அதே வாக்கியத்தில் சர்க்கஸையும் கூப்பிடவும் வேண்டாம்.

இது நூறாண்டுக்கு மேற்பட்ட ஊமைப்படங்களிலிருந்து வந்த தொடர் என்பதால், அமெரிக்க, பிரிட்டிஷ் நாளிதழ்களைப் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். நம்மூர்க் கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலக் கட்டுரையில் அந்த நம்பிக்கை செல்லாது. அங்கே விளக்கம் சேர்ப்பதைவிடத் தொடரையே விட்டுவிடுவது மேல். அலுவலக அறிக்கை, புகார் மனு, வழக்கறிஞர் நோட்டீஸ் ஆகியவற்றில் எவர் படித்தாலும் இதற்கு இடமில்லை. எத்தனை காவலர்கள், எந்த வாயில் வழியாக, எத்தனை மணிக்கு வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள் என்பதை வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.