பாம்பர் கமாண்டில் பறந்து திரும்பாதவரைத் தேடுவது எப்படி

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் இறந்தவர்களே 55,573 பேர், ஸ்மித் என்று தட்டினால் பக்கம் பக்கமாக வரும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடி, சர்வீஸ் நம்பர், ஸ்குவாட்ரன் (அவர் இருந்த விமான அணி), இறந்த தேதி மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கல்லறைக்குப் பதில் ரன்னிமீட் நினைவிடம் என்று இருந்தால் அவருடையது என்று தெரிந்த கல்லறை இல்லை என்று அர்த்தம், அங்கே 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

தேதியில்தான் எல்லோரும் வழுக்கி விழுவது. சாயங்காலம் கிளம்பிய விமானம் நள்ளிரவுக்குப் பிறகு விழுந்திருக்கும். 95 விமானங்களை இழந்த, ஜெர்மனியின் நியூரம்பெர்க் மீதான தாக்குதலுக்குக் கிளம்பியது 1944 மார்ச் 30 இரவு, ஆனால் அதில் இறந்த பலருக்குப் பதிவான தேதி 31. அதனால் முந்தைய நாளையும் சேர்த்தே பாருங்கள்.

அப்புறம் ஸ்குவாட்ரனின் நடவடிக்கைப் பதிவேடு. லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கிறது. யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்பதெல்லாம் கிடைக்கும், ஆனால் திரும்பாத விமானத்துக்குப் பெரும்பாலும், கிளம்பிய பின் தகவல் இல்லை என்கிற அளவில் ஒரே வரிதான். நிறையப் பேர் இங்கேயே மனசு விட்டுவிடுகிறார்கள்.

விடாதீர்கள், கூட இருந்த ஆறு பேரைத் தேடுங்கள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வழக்கமாக ஏழு பேர், அனுபவத்துக்காக ஒரு புது பைலட் கூட வந்திருந்தால் எட்டு. லிங்கனில் உள்ள பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புப் பட்டியலில் பெயர்கள் கிடைக்கும். அதில் ஒருவர் ஆஸ்திரேலியராக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 வரிசைக் கோப்புகள் பல இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன, வீட்டுக்குப் போன கடிதங்களும் போருக்குப் பின் கல்லறை தேடியவர்களின் அறிக்கையும் அதற்குள் இருக்கும். பிரிட்டிஷ்காரரின் கதை ஆஸ்திரேலியரின் கோப்பில் கிடைப்பது சகஜம்தான்.

கல்லறை எண்களையும் ஒப்பிடுங்கள். பலருக்கும் ஒரே கூட்டுக் கல்லறை என்றால் உடல்களைப் பிரித்து அடையாளம் காண முடியவில்லை. இறந்தவர்களில் ஆறு பேர்தான் தேறுகிறார்களா? ஏழாமவர் பாராசூட்டில் குதித்துப் போர்க்கைதியாகியிருக்கலாம். விடுதலையான பின் அவர் கொடுத்த வாக்குமூலம் இருந்தால், கடைசி நிமிடங்களில் விமானத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும், அதனால் அவர் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.