பழைய பூங்காவைப் புதுப்பிக்கும் முன்: மதுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பழைய பூங்கா தன் குறைகளைத் தானே காட்டிவிடும். எங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, எந்த வேர் நடைபாதையைத் தூக்கியிருக்கிறது, எந்த விளக்குக் கம்பத்தை ஆட்கள் ஒதுங்கிப் போகிறார்கள் என்று எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரியும். ஆனால் பல திட்டங்கள் சித்திரை வெயிலில், கம்ப்யூட்டரில் வரைந்த வண்ணப் படத்தோடு பிறக்கின்றன. படத்தில் புல் பச்சையாக இருக்கும், நீரூற்று பீய்ச்சும். தரைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது மட்டும் இருக்காது. கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மட்டம் பார்க்காமல் மண் அடிப்பது

முப்பது நாற்பது வருடப் பூங்காக்கள் பல, இன்று சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை ஏறிவிட்டது. உள்ளே தண்ணீர் நிற்கிறது என்றதும் எஸ்டிமேட்டில் ‘கிராவல் நிரப்புதல், 45 செ.மீ.’ என்ற வரி விழுந்துவிடும். பழைய பூங்காவுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய கெடுதல் இதுதான். தண்ணீரையும் சத்தையும் இழுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் 60 செ.மீ.க்குள் இருக்கின்றன. அவற்றின் மேல் 15 செ.மீ. கெட்டி மண்ணைப் போட்டு ரோலர் ஓட்டினாலே மூச்சு அடைபடும். மரம் அன்றைக்கே சாகாது. இரண்டு மூன்று கோடை தாக்குப்பிடிக்கும், உச்சிக்கிளை காய ஆரம்பிக்கும், அப்புறம் ஒரு காற்றில் சாயும். அதற்குள் பில் பாஸாகியிருக்கும், எதனால் விழுந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டு ஆட்டோ லெவல் என்ற சர்வே கருவியில் மட்டம் எடுங்கள். சர்வேயர் வர நாளாகும் என்றால் முதல் பார்வைக்குக் கொத்தனாரின் தண்ணீர் டியூப்பே போதும். டியூப்புக்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே இழுக்க வேண்டும். சாலையின் நடு, வெளி வடிகாலின் அடி, பூங்காவின் மிகத் தாழ்ந்த இடம், ஒவ்வொரு பெரிய மரத்தின் தூர் ஆகியவற்றின் மட்டம் கட்டாயம் வேண்டும். இவை கைக்கு வந்தால், உயர்த்த வேண்டியது பெரும்பாலும் நடைபாதையை மட்டும்தான் என்பது தெரிந்துவிடும். தாழ்ந்த இடத்தைத் தாழ்வாகவே விட்டு, தண்ணீரை அங்கே கூட்டி மண்ணுக்குள் இறக்கலாம்.

இறங்குமா என்பதற்கும் எளிய சோதனை உண்டு. 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டுங்கள். இரவில் நிரப்பி ஊறவிட்டு, காலையில் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் குறியுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் ஆழமில்லாத பள்ளமும் அதில் செடியும் போதும். 1 செ.மீ. கூட இறங்காவிட்டால் களி. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இதை எதிர்பார்க்கலாம். அந்த மண்ணில் குழி வெட்டி ஜல்லி கொட்டினால் கொசுத் தொட்டிதான் மிஞ்சும். களியைத் தாண்டி மணலோ சரளையோ உள்ள அடுக்கு வரை போகும் கிணறு வேண்டும், இல்லையென்றால் ஒழுங்கான வடிகால்.

எண்ணிக்கையிலும் ஏமாறக் கூடாது. மதுரையின் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஒரே மாலையில் 50 மி.மீ. பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது இரண்டு லட்சம் லிட்டர். 1 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழம் என்று வெட்டி ஜல்லி நிரப்பிய குழியில் ஒரு நேரத்தில் நிற்பது ஆயிரம் லிட்டர்கூட இல்லை. ‘மழைநீர் சேகரிப்புக் குழி – 2’ என்று எழுதிவிட்டுத் தண்ணீர் நிற்காது என்று நம்புவது கணக்கு தெரியாத வேலை.

மரங்களை எண்ணாமல் படம் வரைவது

ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடுங்கள். வகை, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, கிளை பரவிய அகலம், பொந்து, கரையான் எல்லாம் அட்டவணையில் வர வேண்டும். மரச் சுத்தியலால் தட்டினால் உள்ளே கூடாக இருப்பது ஓசையிலேயே தெரியும். பிறகு வேரின் எல்லை. அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரத்தை ஆரமாகக் கொண்டு வட்டம் போடுவது நடைமுறை. சுற்றளவு 190 செ.மீ. என்றால் விட்டம் சுமார் 60 செ.மீ., வட்டத்தின் ஆரம் 7.2 மீட்டர். அதற்குள் ஜே.சி.பி. நுழையக் கூடாது, ஜல்லி குவிக்கக் கூடாது, பைப் லைன் தோண்டக் கூடாது. பழைய பூங்காவில் இப்படி வட்டம் போட்டால் பாதி இடம் போய்விடுமே என்று ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார். போகட்டும், அந்தப் பாதியில் வேலை குறைவு, செலவும் குறைவு. பைப் போயே தீர வேண்டிய இடத்தில் கையால் தோண்டி, கட்டைவிரலைவிடத் தடித்த வேர்களை அறுக்காமல் அடியில் நுழைத்து எடுத்துச் செல்ல வேண்டும்.

தூரை ஒட்டி சிமென்ட் போடுவது இன்னொன்று. டெல்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. நாம் இன்னும் வேப்ப மரத்தைச் சுற்றித் திண்ணை கட்டி, உள்ளே அடிமரம் வரை மண்ணை நிரப்பி, டைல்ஸும் ஒட்டுகிறோம். மண் மூடிய பட்டை ஈரத்தில் அழுகும். உட்கார இடம் வேண்டுமென்றால் மரத்தைத் தொடாமல், நாலு கால் ஊன்றிய வட்ட பெஞ்ச் போடுங்கள். வெட்டியே ஆக வேண்டிய மரம் இருந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதிக்கு ஆகும் காலத்தையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக நடுவதில் இரண்டு தவறுகள். ஒன்று, சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று கோனோகார்பஸ் என்ற, வேகமாக வளரும் வெளிநாட்டு மரத்தை வரிசையாக வைப்பது. குஜராத் 2023-ல் அதை நடத் தடை விதித்தது, தமிழ்நாடும் பின்னர் தடை செய்துவிட்டது. இரண்டாவது, ஜூன் 5 அன்று நடுவது. சுற்றுச்சூழல் தினம் என்று போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் மதுரையில் அடுத்து வருவது வறண்ட ஆனி வெயிலும் ஆடிக் காற்றும். ஆடிப் பட்டம் விதைக்கு; மரக்கன்றுக்குப் புரட்டாசிதான் தோது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 செ.மீ. உள்ள குழி, 6 அடிக்குக் குறையாத கன்று, இரு பக்கமும் குச்சி, நார்க் கயிற்றால் தளர்வாக, 8 வடிவில் ஒரு முடிச்சு. பிளாஸ்டிக் கவரோடு நட்டுவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் சேரும் தாழ்ந்த இடத்துக்கு மருதம், நாவல், கடம்பு. கடம்பவனம் என்று பெயர் எடுத்த ஊரில் கடம்பு ஏன் அரிதாகப் போனது என்று கேட்டுக்கொள்வதும் தப்பில்லை. மேட்டுக்கு வேம்பு, புங்கை, மகிழம்.

தண்ணீர்க் கணக்கு இல்லாத புல்வெளி

நம் கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். ஒரு ஏக்கர் முழுக்கப் புல் என்றால் 20,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி தினமும் இரண்டு நடை. கோடையில் போர் வற்றினால் அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்? குழந்தைகள் புரளும் ஒரு துண்டு மட்டும் புல் போதும், அதுவும் வெயில் படும் இடத்தில் அருகம்புல். நிழலில் அருகு தேறாது. மரத்தடியில் உதிரும் சருகைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே 5 செ.மீ. பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், வேருக்கும் குளிர்ச்சி.

சொட்டுநீர் போடச் சொல்லி எல்லோரும் எழுதுகிறார்கள். பொதுப் பூங்காவில் அது நிலைப்பது கஷ்டம். போர்த் தண்ணீரின் உப்பு துளையை அடைக்கும், மேலே கிடக்கும் டியூப்பை யாராவது மிதித்தோ அறுத்தோ விடுவார்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீரை வடிகட்ட 120 மெஷ் டிஸ்க் ஃபில்டரும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை கடைசி மூடியைத் திறந்து கழுவிவிட ஆளும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 மீட்டருக்கு ஒரு குழாய் முனையும் ஹோஸும் பத்து வருடம் உழைக்கும். நீரூற்றையும் இதே உப்புதான் கொல்கிறது. அதைப் பராமரிக்க ஆள் இல்லையென்றால் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

பேவர் பிளாக்

நடப்பவர்களுக்கு 60 மி.மீ. கனம் போதும், குப்பை வண்டியோ டிராக்டரோ உள்ளே வரும் பாதைக்கு 80 மி.மீ. வேண்டும். கல்லுக்கு அடியில் கெட்டிப்படுத்திய தரை, மேலே 15 செ.மீ. வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி), அதற்கு மேல் 3 செ.மீ. மணல் மெத்தை, இரு ஓரமும் கான்கிரீட் அணைத்த கெர்ப் கல், அதாவது ஓரக்கல். ஓரக்கல் இல்லாமல் போட்டால் ஒரே மழைக்காலத்தில் கற்கள் விலகி இடைவெளி விழும், அதில்தான் வயதானவர்களின் கால் மாட்டும். 1.8 மீட்டர் அகலப் பாதைக்கு ஒரு பக்கம் 3.5 செ.மீ. சரிவு கொடுங்கள். மரத்தின் வேர் வட்டத்துக்குள் இந்தத் தோண்டலே கூடாது. மண்ணை வெட்டாமல் சரளையை மெல்லப் பரப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாடும் பைக்கும் நுழையாமல் இருக்க வளைவு கேட் வைப்பார்கள். சக்கர நாற்காலியும் அதோடு நின்றுவிடும். பக்கத்திலேயே 90 செ.மீ. வழி ஒன்றும், படி இருந்தால் 1-க்கு 12 சரிவில் சாய்தளமும் வேண்டும்.

சறுக்கு மரத்தை வெயிலில் வைப்பது

சறுக்கு மரம் வடக்கு பார்த்திருந்தால் சூடாகாது என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். அது அவர்கள் ஊர்ச் சூரியனுக்கு. மதுரை இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வேளைச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. கோடை விடுமுறை முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது. திசை திருப்பிப் பயனில்லை, நிழல்தான் வழி. பிள்ளைகள் வருவது நாலரை மணிக்கு மேல் என்பதால் மேற்குப் பக்கம் பெரிய மரம் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஸ்டீல் சறுக்கு வேண்டவே வேண்டாம்.

கீழே விழும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் கழுவிய, உருண்டை மணல். எம்-சாண்ட் கூர்மையானது, இறுகிக் கல்லாகிவிடும். ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரம் முன்னும் பின்னும் காலியாக இருக்க வேண்டும். உயரம் 2.2 மீட்டர் என்றால் முன்னே 4.4, பின்னே 4.4. இடமில்லையென்றால் ஊஞ்சலை விடுங்கள்.

விளக்கும் கழிப்பறையும்

உயரக் கம்பத்தில் பளிச்சென்று எல்.இ.டி. மாட்டினால் வெளிச்சம் கிளைகளுக்கு மேலே தங்கிவிடும், பாதை இருட்டாகவே கிடக்கும். 4 மீட்டர் கம்பம், கிளைக்குக் கீழே விளக்கு. கேபிள் 60 செ.மீ. ஆழத்தில் பைப்புக்குள், கம்பத்தின் இணைப்புப் பெட்டி, மழையில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைவிட ஓரடியாவது மேலே, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எர்த்திங். இதில் பேரமே கிடையாது.

கழிப்பறைக்குத் தளம் போடும் முன் பாதாளச் சாக்கடை மேன்ஹோலின் அடிமட்டத்தைப் பாருங்கள். தாழ்ந்த பூங்காவில் குழாய் மேல்நோக்கிப் போக வேண்டி வந்தால் கட்டிய கழிப்பறை பூட்டியே கிடக்கும்.

தல்லாகுளம், தமுக்கம் பக்கத்துப் பூங்கா என்றால் சித்திரைத் திருவிழாவையும் கணக்கில் எடுங்கள். அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு வரும் கூட்டம் இளைப்பாற உள்ளே வரத்தான் செய்யும். பங்குனியில் புதுப் புல் பதித்தால் அது சித்திரையைத் தாண்டாது. குடிநீர்க் குழாய்களை ஓரமாக, வடிகாலோடு வையுங்கள்.

காகிதம்

மனைப்பிரிவு போட்டவர் பொது இடமாக ஒதுக்கிக் கொடுத்த 10 சதவீத நிலத்தில் வந்த பூங்காவா? தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, புல வரைபடத்தில் உள்ள எல்லையும் தரையில் உள்ள சுவரும் ஒத்துப்போகின்றனவா என்று டெண்டருக்கு முன்பே பாருங்கள். பாதி வேலையில் எல்லைத் தகராறு வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

அதே டெண்டரில் மூன்று வருடப் பராமரிப்பையும் சேர்த்து, பணத்தை மாதா மாதம், உயிரோடு இருக்கும் கன்றுகளையும் எரியும் விளக்குகளையும் எண்ணிக் கொடுக்கும்படி எழுதுங்கள். மூடும் முன் ஒவ்வொரு பைப்பையும் கேபிளையும் சுவரிலிருந்து தூரம் அளந்து, டேப் தெரியும்படி போட்டோ எடுத்து, அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அவை போகும் வழியைக் காட்டும் வரைபடத்தின் ஒரு பிரதியை லேமினேட் செய்து மோட்டார் ரூம் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை குழாய் உடைந்து கடப்பாரையோடு வருபவர் முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.